பதினொன்றாவதில் சமூகவியல் எடுக்கலாமா? அப்பா “சோசியல்தானே” என்கிறார்

கணபதி பஸ் ஸ்டாப்:

எல்லோருக்கும் வணக்கம். பத்தாவது முடித்துவிட்டேன், சிபிஎஸ்இ, கோவை. கணக்கில் 61, அதனால் என்ஜினியரிங் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை, அந்த மட்டில் நிம்மதி. அப்பா காமர்ஸ் எடு, சிஏ பண்ணு என்கிறார். எனக்கு ஹியூமானிட்டீஸ்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை, அம்மா பாதி சம்மதம். எங்கள் பள்ளியில் ஆங்கிலம், வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரம் நான்கும் எல்லோருக்கும் உண்டு. ஐந்தாவதாக சமூகவியல் அல்லது உளவியல், ஏதாவது ஒன்று. உளவியலுக்கு இதுவரை 22 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சமூகவியலுக்கு 6 பேர். பத்துப் பேர் சேராவிட்டால் அந்த வகுப்பையே நடத்த மாட்டார்களாம்.

அப்பாவுக்கு லேத் பட்டறை. சமூகவியல் என்று சொன்னதும், “சோசியல்தானே, அதுதான் பத்தாவது வரைக்கும் படிச்சாச்சே, அதையே எதுக்கு மறுபடியும்?” என்றார். அத்தை போனில், “சேவை செய்யற படிப்பா கண்ணு? நல்லதுதான், ஆனா சம்பளம் இருக்காதே” என்றார். இரண்டு பேருக்கும் சரியாகப் பதில் சொல்ல எனக்கே தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை. சீனியர் அண்ணா ஒருவர், “ஈஸி சப்ஜெக்ட், கதை அடித்தால் மார்க்” என்றார். இன்னொரு அக்கா, “கதை அடித்துத்தான் எனக்கு 58 வந்தது” என்றார். யாரை நம்புவது?

புத்தகம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. படித்தால் புரிகிறது, ஆனால் யோசிப்பதெல்லாம் தமிழில்தான் வருகிறது. டியூஷனுக்கும் இந்தப் பக்கம் யாரும் இல்லை. படித்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்குள் ஃபார்ம் கொடுக்க வேண்டும்.

நட்டு போல்ட்டு:

அப்பா சொல்வதைக் கேள் தங்கச்சி. காமர்ஸ் எடு, சமூகவியல் புத்தகத்தை லீவில் படித்துக்கொள், யார் வேண்டாம் என்றது? என் சித்தி பையன் சோசியாலஜி பிஏ முடித்துவிட்டு இப்போது பேங்க் எக்ஸாமுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். மூன்று வருஷம் வீண்.

அரைக்கிலோ தக்காளி:

அதே கோச்சிங் சென்டரில், அவனுக்குப் பக்கத்து பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள் சகோ. பி.காம் ஒருவர், மெக்கானிக்கல் என்ஜினியர் இரண்டு பேர்.

டிரங்குப்பெட்டி:

நான் 2015இல் பன்னிரண்டாவது முடித்தேன், சென்னையில், சமூகவியல் எடுத்துத்தான். அப்புறம் பிஏ, எம்ஏ இரண்டும் அதிலேயே. இப்போது ஒரு ஆய்வு நிறுவனத்தில் வேலை, வருஷத்தில் நான்கைந்து மாதம் ஊர் ஊராக சர்வே. சம்பளம் ஐடி தோழிகளைவிடக் குறைவுதான், அதை மறைக்க விரும்பவில்லை. வீட்டு வாடகை நானே கொடுக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாடம் என்னவென்று உன் அப்பாவிடம் விளக்குவதற்குப் பதிலாக, நான் செய்த புராஜெக்டைச் சொல்கிறேன், அதை அப்படியே அவரிடம் சொல்லிப் பார். தேர்வில் எழுத்து 80, புராஜெக்ட் 20. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் “இளைஞர்களும் சமூக ஊடகமும்” எடுத்தார்கள், வருஷா வருஷம் யாராவது அதைத்தான் எடுப்பார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அரைப்பரீட்சை லீவில் விருதுநகர் பக்கம் அப்பத்தா வீட்டுக்குப் போனேன். பரணில் ஒரு டிரங்குப்பெட்டி. திறந்தால் பாதிப் பெட்டி கல்யாணப் பத்திரிகை. ஓரத்தில் மஞ்சள் தடவிய கறையோடு, சிலது கரையான் அரித்து, சிலதில் பின்பக்கம் மளிகைக் கணக்கு. சாமி படம் போட்டதைத் தூக்கிப் போடக் கூடாது என்று அப்பத்தா எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தது. எண்ணினேன், 63. ஆகப் பழையது 1958.

தரையில் வருஷவாரியாகப் பரப்பி வைத்து, கோடு போட்ட நோட்டில் கட்டம் கட்டினேன். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கிறதா, பெண் பெயருக்குப் பின்னால் இருக்கிறதா. சாதிப் பெயர் ஒட்டியிருக்கிறதா. அம்மாவின் பெயர் அச்சாகியிருக்கிறதா, இல்லை, “இன்னாரின் குமாரத்தி” என்று அப்பா பெயரோடு சரியா. கல்யாணம் வீட்டு வாசலிலா, மண்டபத்திலா. முதல் இருபது பத்திரிகையில் ஒன்றில்கூட மணப்பெண்ணின் அம்மா பெயர் இல்லை. பெற்றவள் பெயர் இல்லை, அச்சாபீஸ் பெயர் இருக்கிறது! எழுபதுகளின் நடுவிலிருந்து பெயரின் வாலில் இருந்த சாதி மெல்ல உதிர்கிறது. சாதிப் பட்டத்தை விட்டுவிடுங்கள் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929இல், எங்கள் அப்பத்தாவின் பெட்டிக்குள் அது வந்து சேர நாற்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. வந்த பிறகும் முழுசாக வரவில்லை. பெயரில் போனது, கீழே “வகையறா” என்ற சொல்லில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது போதுமே.

எனக்கு ஒரே பெருமை. வைவாவில் மேடம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இந்த 63 பத்திரிகையும் எங்கிருந்து வந்தது?” அப்பத்தாவின் பெட்டியிலிருந்து என்றேன். “அப்படியானால் இது தமிழ்நாட்டுக் கல்யாணங்களைப் பற்றிய ஆய்வா, இல்லை, உங்கள் அப்பத்தாவுக்கு யார் யார் பத்திரிகை வைத்தார்கள் என்பதைப் பற்றிய ஆய்வா?”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. 63இல் வேறு சாதி வீட்டுப் பத்திரிகை மூன்றே மூன்று, மூன்றும் அப்பாவின் ஆபீஸ் ஆட்களுடையது. ஒன்றுகூட ஊருக்குள்ளிருந்து வந்ததில்லை. அப்பத்தாவுக்கு ஊர் முழுக்கத் தெரிந்தவர்கள். இத்தனை நாள் கட்டம் கட்டிய நான் அந்தக் கட்டத்தை மட்டும் கட்டவே இல்லை. மார்க் 20க்கு 17 வந்தது. அந்த மூன்று மார்க் போனதற்காக மேடத்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன், ஏனென்றால் இப்போது சர்வேயில் நான் பார்ப்பதே அதைத்தான். போன மாதம் ஒரு வீட்டில் “குடும்பத் தலைவர் யார்?” என்ற கேள்விக்கு ஓர் அம்மா கணவர் பெயரைச் சொன்னார். ஆள் ஆறு வருஷமாக மஸ்கட்டில் இருக்கிறார். ரேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடன், எல்லாம் இந்த அம்மாதான். படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். எந்தப் பெயரை எழுதினால் அது உண்மை? சொல் பார்க்கலாம்.

நட்டு போல்ட்டு:

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் இதைச் சொன்னால் அவள் அப்பா ஃபார்மில் கையெழுத்துப் போடுவாரா? :)

சாக்பீஸ் தூள்:

சிபிஎஸ்இ பள்ளியில் பதினோரு வருஷமாக இதே பாடம் நடத்துகிறேன், அதனால் மார்க் விஷயத்தை நான் சொல்கிறேன்ம்மா. “கதை அடித்தால் போதும்” என்று சொன்ன அண்ணனும் 58 வாங்கிய அக்காவும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். இந்தப் பாடத்தில் யாரும் வெற்றுத்தாள் கொடுப்பதில்லை. குடும்பம், சாதி, சந்தை, ஊர் என்று எதைக் கேட்டாலும் நமக்கு ஏதோ தெரியும், எழுதிவிடுவோம். அதனால்தான் ஃபெயில் ஆவதும் கஷ்டம், 90 வாங்குவதும் கஷ்டம்.

ஒரு உதாரணம். குழந்தைகளில் பெண்களின் விகிதம் ஏன் குறைகிறது என்று ஒரு கேள்வி வருகிறது. என் வகுப்பில் ஜூன் மாதம் இதைக் கேட்டால் நாற்பதில் முப்பது தாள் இப்படித்தான் இருக்கும்: மக்கள் ஏழைகள், படிப்பறிவு இல்லை, விழிப்புணர்வு வேண்டும். மேடைப் பேச்சு மாதிரி ஒரு பக்கம். நான் கரும்பலகையில் எண்ணை எழுதுவேன். ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 1991இல் 945, 2001இல் 927, 2011இல் 919. சரி, 2011இல் ஆகக் குறைவு எங்கே? ஹரியானா 834, பஞ்சாப் 846. இரண்டும் ஏழை மாநிலமா? பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். ஏழ்மைதான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா வந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஸ்கேன் செய்யக் கையில் காசு இருப்பது, நிலத்தைப் பையனுக்குத்தான் கொடுப்பது, வரதட்சணை, சிறு குடும்பம் போதும் ஆனால் அதில் ஒரு பையன் கட்டாயம் என்பது, எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். கருவிலேயே பாலினம் பார்ப்பதைத் தடுக்கச் சட்டம் 1994இல் வந்தது, அதற்கு அப்புறமும் எண் இறங்கியிருக்கிறதே என்று ஒரு பெண் எழுந்து கேட்பாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சம்பளம் செரித்த மாதிரி. நம் பக்கத்துக்கு வந்தால், வளர்க்க விரும்பாத பெண் குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுப் போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம், 1992, சேலம். அதை ஏன் சேலத்தில் ஆரம்பித்தார்கள் என்று உன் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டுப் பார், கோவையிலிருந்து ரொம்ப தூரமில்லை.

ஆக, கதை வேண்டும்தான், ஆனால் கதைக்கு எலும்பு வேண்டும். எந்தக் கருத்து, யார் சொன்னது, எந்த எண், எங்கே நடந்தது. கேள்விகள் ஒரு மார்க், இரண்டு, நான்கு, ஆறு என்று வரும், கடைசியில் ஒரு பத்தியைக் கொடுத்து அதை வைத்து எழுதச் சொல்வார்கள். இரண்டு மார்க்குக்கு ஒரு பக்கம் எழுதுகிறவர்கள்தான் ஆறு மார்க்கில் நேரமில்லாமல் தவிப்பது.

மொழியைப் பற்றிக் கேட்டாய். இதற்கு நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லும் வேலை ஒன்று உண்டு. ஒரு நோட்டில் இடது பக்கம் புத்தகத்தின் ஆங்கிலச் சொல், வலது பக்கம் உன் தெருவிலிருந்து தமிழில் ஒரு சம்பவம். அந்தஸ்து என்ற அர்த்தத்தில் வரும் சொல்லுக்கு ஒரு பையன் எழுதியது இன்னும் ஞாபகம் இருக்கிறது: “எங்க வீட்டு கேட்டைத் திறந்து உள்ளே வருபவர்களில் யாருக்கு அப்பா எழுந்து நிற்கிறார், யாரைப் பார்த்ததும் டிவி சத்தத்தைக் குறைக்கிறார், யார் வந்தாலும் காலை நீட்டியே உட்கார்ந்திருக்கிறார்.” மூன்று வரியில் ஒரு பாடமே வந்துவிட்டது. தமிழில் யோசிப்பது இந்தப் பாடத்துக்குக் குறையே இல்லைம்மா. தேர்வில் ஆங்கிலத்தில் எழுதப் பழக வேண்டும், அது வேறு வேலை, ஆறு மாதத்தில் வரும்.

உளவியலா இதுவா என்பதற்கு: மதியம் சாப்பாட்டு மணி அடிக்கிறது, ஒரு பையன் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவன் மனதுக்குள் என்ன என்று உனக்குக் கேட்கத் தோன்றினால் உளவியலுக்குப் போ. மற்றவர்கள் எல்லாம் யாரோடு யார் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏன் தினமும் அதே வட்டம் என்று பார்க்கத் தோன்றினால் இங்கே வா. இரண்டுமே நல்ல பாடம்தான், 22 பேர் போகிறார்கள் என்பதற்காக மட்டும் போகாதே.

கணபதி பஸ் ஸ்டாப்:

சார், அந்த கேட் உதாரணத்தைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன், எங்கள் வீட்டிலும் அப்படியேதான். பதினொன்றாவதில் வரும் பெயர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. மார்க்ஸ், வெபர், துர்கைம். எல்லாம் ஜெர்மனி, பிரான்ஸ். நமக்கும் இதற்கும் என்ன?

சாக்பீஸ் தூள்:

அவர்களோடு நின்றுவிடுவதில்லை, இந்திய சமூகவியலாளர்களுக்கு என்று தனியாக ஒரு பாடம் உண்டு. அதில் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் என்று ஒருவர் வருவார், பாலக்காட்டுக்காரர், உனக்கு வாளையார் தாண்டினால் அவர் ஊர்தான். அந்தக் காலத்தில் இதற்கென்று படிப்பே கிடையாது. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வாரம் முழுக்க ஆசிரியர் வேலை. கொச்சி சமஸ்தானத்தின் திவான் 1902இல் மக்களைப் பற்றிய கணக்கெடுப்பை ஒப்படைத்ததும் சனி ஞாயிறுகளில் சம்பளமில்லாமல் அதைச் செய்தார். இந்தியாவின் மானுடவியல் முன்னோடிகளில் ஒருவர் ஆரம்பித்தது அப்படித்தான், லீவு நாள் வேலையாக.

அப்புறம் எம்.என். ஸ்ரீனிவாஸ், மைசூர்க்காரர். 1948இல் மைசூர் பக்கம் ஒரு கிராமத்தில் போய்த் தங்கினார், ராம்புரா என்று அதற்குப் பெயர் வைத்து எழுதினார். ஊருக்குள் எண்ணிக்கையும் நிலமும் அதிகாரமும் எந்தச் சாதியிடம் சேர்ந்திருக்கிறதோ அதுதான் ஆதிக்க சாதி, சடங்கில் மேலே இருப்பது மட்டும் போதாது என்றார். கீழே இருக்கும் சாதிகள் மேலே இருப்பவர்களின் பழக்கங்களைப் பிடித்துக்கொண்டு ஏற முயல்வதற்கு சமஸ்கிருதமயமாதல் என்று பெயர் கொடுத்தார். அதெல்லாம் தேர்வுக்கு. தேர்வில் வராத ஒன்று சொல்கிறேன். 1970இல் அவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது யாரோ கட்டடத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள், பதினெட்டு வருஷமாக ஒழுங்குபடுத்தி வைத்திருந்த குறிப்புகள் எல்லாம் கருகிப் போயின. மனிதர் உட்கார்ந்து அந்த ஊரை ஞாபகத்திலிருந்தே எழுதினார். புத்தகம் 1976இல் வந்தது. நோட்ஸ் தொலைந்துவிட்டது சார் என்று வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு நான் வருஷா வருஷம் சொல்லும் கதை இது.

மூணாவது பெஞ்ச்:

நான் ஸ்டேட் போர்டு, அரசுப் பள்ளி. எங்களுக்கு மேல்நிலையில் சமூகவியல் என்று ஒரு பாடமே இல்லை, அப்படி ஒன்று இருப்பதே கல்லூரி விண்ணப்பத்தில் பார்த்துத்தான் தெரியும். சென்னையில் லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் மாதிரி சில கல்லூரிகளில் பிஏ இருக்கிறது, பிளஸ் டூவில் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெங்களூரில் இருக்கும் என் மாமா பொண்ணு பியூசியில் எச்ஈபிஎஸ் எடுத்தாள், வரலாறு, பொருளாதாரம், அரசியல், சமூகவியல், அங்கே அது ரொம்ப சாதாரண குரூப். கேரளாவிலும் பிளஸ் டூவில் உண்டு. இரண்டு பக்கமும் இருக்கிறது, நடுவில் நமக்கு மட்டும் இல்லை. சாதியைப் பற்றி இவ்வளவு மேடை போட்டுப் பேசும் மாநிலத்தில் அதைப் பாடமாக உட்கார்ந்து படிக்கப் பதினேழு வயதில் வழியில்லை என்பது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

கல்லூரியில்தான் ஆந்த்ரே பெத்தேய் என்ற சமூகவியலாளர் எழுதியதைப் படித்தேன். தஞ்சாவூர் பக்கம் ஒரு ஊர், ஸ்ரீபுரம் என்று மாற்றுப் பெயர். அக்ரஹாரம், குடியானத் தெரு, சேரி என்று தெருவாகப் பிரிந்து கிடக்கும் ஊரில் சாதியும் நிலமும் அரசியல் பலமும் முன்பு ஒரே கையில் இருந்தது, அறுபதுகளுக்குள் அது மூன்றும் தனித்தனியாக நகர ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். வங்காளத்தில் பிறந்த ஒருவர் வந்து எழுத வேண்டியிருந்தது. எங்கள் ஊர் அங்கிருந்து ரொம்ப தூரமில்லை. படித்துவிட்டு லீவுக்கு ஊருக்குப் போனபோது பஸ்ஸை விட்டு இறங்கி, முதல்முறையாக, எந்தத் தெருவுக்கு முதலில் தார் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன்.

நள்ளிரவு டீ:

யுபிஎஸ்சிக்கு மூன்றாவது முயற்சி, விருப்பப் பாடம் சமூகவியல். இரண்டு தாள், 250 வீதம் 500. மெயின்ஸ் எழுத்துத் தேர்வு மொத்தம் 1750 என்பதால் அது பெரிய பங்கு. ஆனால் தங்கச்சி, கலெக்டர் ஆகலாம் என்பதைக் காட்டி அப்பாவிடம் அனுமதி வாங்காதே. நான் அப்படித்தான் வாங்கினேன். இப்போது ஒவ்வொரு வருஷமும் ரிசல்ட் வரும் நாளில் அவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். டெல்லிப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களுக்குப் போக க்யூட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதில் சமூகவியல் ஒரு பாடமாக இருக்கிறது, படித்த பாடத்திலேயே எழுதலாம். அந்த மட்டில் சொன்னால் போதும், பொய் இருக்காது.

அரைக்கிலோ தக்காளி:

அத்தைக்குப் பதில் யாரும் சொல்லவில்லையே. சேவைப் படிப்பு வேறு, அதற்குப் பெயர் சமூகப்பணி. சென்னையில் அதற்கென்றே 1952இலிருந்து ஒரு கல்லூரி இருக்கிறது, மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936இலிருந்து. டாக்டரும் உடற்கூறு படித்தவரும் மாதிரி என்று வைத்துக்கொள், ஒருவர் மருந்து கொடுப்பார், இன்னொருவர் ஏன் இப்படி இருக்கிறது என்று அறுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். என் மனைவி சமூகப்பணி, நான் சமூகவியல், வீட்டில் குழாய் ஒழுகினால் அவள் பிளம்பரைக் கூப்பிடுவாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தப் பாடத்தைப் படித்தால் வீட்டில் சண்டை வரும். எனக்கு வந்தது. சமையலறையில் ஜன்னல் திட்டில் தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருப்பார்கள், பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு. பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன், ஆனால் பதினொன்றாவது படிக்கிற வரைக்கும் கண்ணில் பட்டதே இல்லை. ஒரு நாள் அந்த டம்ளரில் நான் தண்ணீர் குடித்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் அது இடம் மாறியிருந்தது, அலமாரிக்கு மேலே. அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் இருவரும் பேசியதில்லை.

நட்டு போல்ட்டு:

சரி, நான் ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. இதெல்லாம் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் தெரிகிற விஷயம்தானே, இதற்கு ஏன் ஒரு பாடம்?

டிரங்குப்பெட்டி:

அண்ணா, அந்த டம்ளர் அவர் கண்ணுக்கு எதிரில்தான் பதினாறு வருஷம் இருந்திருக்கிறது. என் பத்திரிகைப் பெட்டியும் அப்படித்தான். சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கர் 1959இல் சொன்னது, ஊரில் ஒருவனுக்கு வேலை இல்லை என்றால் அவன் குணத்தையும் திறமையையும் பார், ஐந்து கோடிப் பேர் வேலைக்கு இருக்கிற நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் ஆளைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, நாட்டின் அமைப்பைப் பார். கண்ணைத் திறந்தால் அந்த ஒருவன்தான் தெரிவான். மற்ற ஒன்றரைக் கோடியைப் பார்க்க வேறு பழக்கம் வேண்டும். உங்கள் சித்தி பையன் விஷயத்தையும் அப்படிப் பாருங்களேன், அவன் படித்த பாடத்தில்தான் கோளாறா?

நட்டு போல்ட்டு:

ம்ம். யோசிக்கிறேன். (அந்த மெக்கானிக்கல் இரண்டு பேரில் ஒருவன் நான்தான்.)

கணபதி பஸ் ஸ்டாப்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பிடும்போது டிரங்குப்பெட்டி அக்காவின் கதையை அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் பட்டறைக் கதைக்குப் போய்விட்டார். அவர் 1994இல் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாப் பையன்களும் சுற்றுவட்டாரத்தவர்கள், மாமா மச்சான் சொல்லிச் சேர்ந்தவர்கள், மெஷினில் கை வைக்கவே ஒரு வருஷம் ஆகுமாம், அதுவரைக்கும் துருவல் அள்ளுவதும் டீ வாங்குவதும்தான். இப்போது ஏழு பேரில் ஐந்து பேர் பீகார், ஒரிசா. அவர்களுக்குள்ளும் ஒரே ஊர்க்காரர்கள்தான், ஒருவன் ஊருக்குப் போனால் தம்பியைக் கூட்டிக்கொண்டு வருகிறான். உள்ளூர்ப் பையன்கள் டெலிவரி வண்டிக்குப் போய்விட்டார்கள். “நம்ம பசங்க ஏன் வர்றதில்லைன்னு நினைக்கறே? சம்பளத்தால இல்ல. லேத்ல நிக்கறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்க, அதான்” என்றார். நான், அப்பா இதுதான் பாடமே, இதுதான் சமூகவியல் என்றேன். “இதைப் படிக்க எதுக்கு ஸ்கூலுக்குப் போகணும், பட்டறைக்கு வா” என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். காலையில் ஃபார்மில் கையெழுத்து இருந்தது, அம்மாவுடையது அல்ல, அவருடையது.

வகுப்பில் இப்போது 8 பேர். இரண்டு பேரை இழுக்க வேண்டும், உளவியலில் இருக்கும் ஒருத்தியிடம் இந்தப் பக்கத்தை அனுப்பியிருக்கிறேன்.

புராஜெக்டுக்கு இப்போதே ஒன்று யோசித்துவிட்டேன், சரியா என்று சார் சொல்லுங்கள். எங்கள் அம்மிச்சி கல்யாணப் பத்திரிகை எதையும் வைத்திருக்கவில்லை, அடுப்பெரித்துவிட்டாராம். ஆனால் மொய் நோட்டு வைத்திருக்கிறார். அம்மா கல்யாணம், பெரியம்மா கல்யாணம், மாமா வீட்டுப் புதுமனை புகுவிழா, எல்லாவற்றுக்கும். யார் எவ்வளவு வைத்தார்கள், நாம் திருப்பி எவ்வளவு செய்தோம் என்று பக்கத்திலேயே பென்சிலில்.

சாக்பீஸ் தூள்:

பெயரெல்லாம் எழுதாதேம்மா, அ, ஆ, இ என்று போட்டுக்கொள், ஊர் பெயரும் வேண்டாம், அம்மிச்சியிடம் கேட்டுவிட்டுச் செய். பரிசு கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது மூன்றுமே கடமைதான் என்று மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925இல் எழுதியிருக்கிறார், அது உனக்குத் தூண் மாதிரி நிற்கும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் விசேஷமே இல்லாமல் மொய்க்காகவே ஆடி மாதத்தில் விருந்து வைப்பார்கள், மொய் விருந்து என்று, அதோடு உங்கள் ஊர் வழக்கத்தை ஒப்பிட்டுப் பார். முக்கியமாக, டிரங்குப்பெட்டியிடம் அவருடைய மேடம் கேட்ட கேள்வியை நீயே முதலில் உன்னிடம் கேட்டுக்கொள்: நோட்டில் யார் பெயர் இல்லை? நோட்டை ஸ்கூலுக்குக் கொண்டுவர முடியுமா, இல்லை படம் எடுத்துக்கொள்வாயா?

கணபதி பஸ் ஸ்டாப்:

படம்தான் சார். கேட்டுப் பார்த்தேன். அம்மிச்சி, “உக்காந்து எழுதிக்கோ சாமி, ஆனா நோட்டு வாசலைத் தாண்டக் கூடாது, இன்னும் ஒம்பது வீட்டுல இருந்து வரவேண்டியிருக்கு” என்கிறார்.